மெட்டலும் டான்ஸ் இசையும் ஒரே செட்டில்: கோளாறு வாரியாகச் சரிசெய்யும் வழிமுறை

டிஜே கருவியில் ஹெவி மெட்டல் பாட்டை ஒரு டெக்கிலும் டெக்னோவை இன்னொரு டெக்கிலும் ஏற்றி, இரண்டின் ஒலியையும் கலக்கும் ஃபேடரை நடுவில் நிறுத்திப் பார்த்தவர்கள் பலரும் "ரெண்டும் ஒட்டாது" என்று கைவிட்டுவிடுகிறார்கள். ஒட்டும். 1993இல் மெட்டல் குழுவான ஃபியர் ஃபேக்டரியின் பாடல்களை எலக்ட்ரானிக் குழுவான ஃப்ரண்ட் லைன் அசெம்ப்ளிக்காரர்கள் ரீமிக்ஸ் செய்தார்கள். 1997இல் 'ஸ்பான்' படத்துக்கான ஆல்பம், ராக், மெட்டல் குழுக்களை எலக்ட்ரானிக் கலைஞர்களோடு ஜோடி சேர்த்தே பாடல்களை உருவாக்கியது. 2011இல் மெட்டல் குழுவான கோர்ன் ஒரு முழு ஆல்பத்தையே டப்ஸ்டெப், டிரம் அண்ட் பேஸ் என்ற டான்ஸ் இசை வகைகளின் தயாரிப்பாளர்களோடு செய்தது. ஆனால் அவர்கள் ஸ்டுடியோவில் வேலை செய்தார்கள். கிட்டார் தனியாக, டிரம்ஸ் தனியாக, குரல் தனியாகக் கையில் இருந்தன. டிஜேயிடம் இருப்பவை முழுதாக முடிந்த இரண்டு பாடல்கள். கோளாறெல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கீழே நீங்கள் கேட்கும் கோளாறிலிருந்து காரணத்துக்குப் போகிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் என் நம்பிக்கை ஒன்று இருக்கிறது: இந்தக் கலவையில் அடித்தளமும் லயமும் பெரும்பாலான நேரம் டான்ஸ் டிராக்கின் பொறுப்பு, நடுப்பகுதி மெட்டலின் உரிமை. இந்தப் பங்கீட்டை மாற்றலாம், ஆனால் தெரிந்தே மாற்ற வேண்டும். இரண்டு பாட்டும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும்போதுதான் இரைச்சல் பிறக்கிறது.

பல கோளாறுகள் ஒன்றாகக் கேட்டால் முதலில் லயத்தைப் பாருங்கள், பிறகு அடித்தளம், அதன் பிறகு சுருதி. தாளம் விலகி இருக்கும்போது மற்ற இரண்டைப் பற்றி எடுக்கும் முடிவு எதுவும் நம்பத் தகுந்ததல்ல.

"முதல் எட்டு பார் சேர்ந்து ஓடுகிறது, அப்புறம் கிக் இரண்டிரண்டாக விழுகிறது"

பார் என்பது பெரும்பாலும் நான்கு அடி கொண்ட ஒரு சுற்று, கிக் என்பது பெரிய டிரம்மின் அடி. மெட்டல் பாட்டின் டிரம்ஸை ஒரு மனிதர் வாசித்திருக்கிறார். வேகம் காட்டும் க்ளிக் சத்தம் இல்லாமல் பதிவான பழைய பாடல்களில் கோரஸ் வரும்போது வேகம் கொஞ்சம் ஏறும், கனமான ரிஃப்பில் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) இறங்கும். டிஜே சாஃப்ட்வேர் போடும் பீட்கிரிட்டோ முதலிலிருந்து கடைசிவரை ஒரே இடைவெளி கொண்ட கோடுகள். இரண்டு பாட்டின் தாளத்தையும் தானாகச் சேர்க்கும் சிங்க் பொத்தான் அந்தக் கோட்டைத்தான் பின்தொடர்கிறது, பாட்டைக் கேட்பதில்லை.

சோதிக்க எளிய வழி: கிரிட்டின் மெட்ரோனோம் சத்தத்தைப் போட்டுக்கொண்டு பாட்டின் தொடக்கத்தில் கேளுங்கள், பிறகு கடைசி நிமிடத்துக்குத் தாவிக் கேளுங்கள். இரண்டு இடத்திலும் ஸ்நேர் டிரம்மோடு ஒட்டி விழுந்தால் கிரிட் சரி. தொடக்கத்தில் ஒட்டி, கடைசியில் விலகினால் பாட்டு நகர்கிறது.

ரெக்கார்ட்பாக்ஸ் என்ற டிஜே சாஃப்ட்வேர் பயன்படுத்துபவர்கள் அந்தப் பாட்டை மட்டும் வேக மாற்றத்தைப் பின்தொடரும் டைனமிக் முறையில் மறுபடி அனலைஸ் செய்யுங்கள். செராட்டோ சாஃப்ட்வேரில் பாட்டு நெடுக ஒன்றுக்கு மேற்பட்ட கிரிட் குறிகளைக் கையால் வைக்கலாம். ஏபிள்டன் லைவ் என்ற இசைத் தயாரிப்பு சாஃப்ட்வேரில் வார்ப் செய்து, அதாவது அடிகளை இழுத்து நேர்ப்படுத்தி, புதிய ஃபைலாக எடுப்பது இன்னும் உறுதியானது. அங்கே ஒன்றைக் கவனியுங்கள்: ஒவ்வொரு அடிக்கும் ஒரு வார்ப் குறி குத்தாதீர்கள். நான்கு பாருக்கு ஒன்று போதும். ஒவ்வொரு அடியையும் இழுத்துக் கட்டினால் டிரம்மர் ஸ்நேரை ஒரு மயிரிழை பின்னால் தள்ளி அடித்த அழுத்தம் போய்விடும். அந்தக் கனத்துக்காகத்தானே மெட்டலை எடுத்தோம்.

மேடையில் இதற்கெல்லாம் நேரமில்லை என்றால், சிங்க்கை அணைத்துவிட்டு மெட்டலை முன்னே ஓடவிட்டு டான்ஸ் டிராக்கை டெக்கின் சுழல் தட்டான ஜாக் வீலால் அதன் பின்னே தள்ளுங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சின்தசைசர் ஒலி ஒரு சதவீதம் முன்பின் வளைந்தால் யாருக்கும் தெரியாது. நீண்டு ஒலிக்கும் கிட்டார் கார்டு அதே அளவு வளைந்தால் முன்வரிசைக்கே கேட்கும்.

கிரிட் தொல்லையே வேண்டாம் என்றால் டிரம் மெஷினோடு பதிவான மெட்டலிலிருந்து தொடங்குங்கள். காட்ஃப்ளெஷ் குழு தன் ஆரம்பக்காலப் பதிவுகளிலேயே மனித டிரம்மருக்குப் பதில் டிரம் மெஷினை வைத்தது. அந்தப் பாடல்களில் கிரிட் பெரும்பாலும் அசையாது. கூட்டத்தையும் உங்கள் கையையும் பழக்க இப்படி இயந்திரத் தாளத்தில் ஓடும் இன்டஸ்ட்ரியல் மெட்டலை விட நல்ல நுழைவாயில் எனக்குத் தெரியவில்லை.

"திரையில் பிபிஎம் ஒத்துப்போகிறது, காதில் வேகம் ஒத்துப்போகவில்லை"

பிபிஎம் என்பது நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற கணக்கு. 190இல் ஓடும் த்ராஷ் என்ற வேகமான மெட்டல் பாட்டை சாஃப்ட்வேர் 95 என்று படித்திருக்கும், அல்லது பிளாஸ்ட் பீட் என்ற அதிவேக டிரம் அடியைக் கேட்டுக் குழம்பியிருக்கும். அனலிசிஸ் வரம்பை மாற்றுங்கள், அல்லது இரட்டிப்பாக்கும், பாதியாக்கும் பொத்தானை அழுத்துங்கள். அது சின்ன வேலை.

வேகங்களே சேராதபோது என்ன செய்வது என்பதுதான் பெரிய கேள்வி. 210இல் ஓடும் பாட்டை 124க்கு இழுக்க யாராலும் முடியாது, இழுக்கவும் கூடாது. விகிதத்தைத் தேடுங்கள். ஒன்றுக்கு இரண்டு எல்லோருக்கும் தெரிந்தது: 62இல் நகரும் டூம் மெட்டல் 124 டெக்னோவின் மேல் அப்படியே அமரும். 87இல் நடக்கும் கனத்த ரிஃப் 174 டிரம் அண்ட் பேஸுக்குப் பொருந்தும். அவ்வளவாகக் கண்டுகொள்ளப்படாதது இரண்டுக்கு மூன்று. 140 டப்ஸ்டெப்பும் 210 த்ராஷும், 120 ஹவுஸும் 180 ஸ்பீட் மெட்டலும் இந்தக் கணக்கில் சேரும். ஹவுஸின் இரண்டு அடிக்குள் மெட்டலின் மூன்று அடி முடியும். ஹவுஸ் பக்கத்திலிருந்து கேட்டால் மெட்டல் திஸ்ர நடையில் ஓடுவது போலத் தோன்றும். எட்டு பார் வரை அது பிரமாதமான இழுவிசை. அதற்கு மேல் நீட்டினால் ஆடுபவர்களின் கால் எந்தப் பக்கம் போவது என்று தடுமாறும்.

மெட்டலின் வேகத்தை நான்கு சதவீதத்துக்கு மேல் தொடாமல் இருப்பது நல்லது. மீதியை டான்ஸ் டிராக்கின் பக்கம் ஏற்றுங்கள்.

"இரண்டும் சேர்ந்ததும் கீழ்ப்பகுதி முழுக்கக் குழம்புகிறது"

மிக அதிகமாக வரும் கோளாறு இதுதான். தாழ்ந்த ஒலியைக் கட்டுப்படுத்தும் லோ குமிழைக் கொஞ்சம் இறக்கிவிட்டு "சரியாகிவிட்டது" என்று நினைத்துக்கொள்வதால் தீராமலும் இருக்கிறது.

எண்களைப் பாருங்கள். சாதாரண டியூனிங்கில் கிட்டாரின் கீழ்த் தந்தி 82 ஹெர்ட்ஸ். அந்தத் தந்தியை மட்டும் டிக்கு இறக்கும் டிராப் டியில் 73. சி வரை இறக்கினால் 65. ஏழு தந்தி கிட்டாரின் பி 62. பேஸ் கிட்டார் இவற்றுக்கு ஒரு ஸ்தாயி கீழே, அதாவது 41, 37, 33 என்று போகும். டான்ஸ் கிக்கின் அடிநாதம் பெரும்பாலும் 45 முதல் 60 ஹெர்ட்ஸுக்குள். சின்த் பேஸும் அதே சந்தில்தான் குடியிருக்கிறது. இதற்கு மேல் மெட்டலின் டபுள் கிக் பதினாறாம் அடிகளாக ஓடினால், டெக்னோவின் ஒவ்வொரு கிக்குக்கும் நான்கு மெட்டல் கிக் வந்து மோதும். ஸ்பீக்கர் கோன் திரும்பி வரவே நேரமில்லை.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு காரணமும் உண்டு. பவர் கார்டு என்பது ஒரு ஸ்வரமும் அதன் பஞ்சமமும். 82 ஹெர்ட்ஸும் 123 ஹெர்ட்ஸும் டிஸ்டார்ஷனுக்குள் ஒன்றாகப் போகும்போது அவற்றின் வித்தியாசமான 41 ஹெர்ட்ஸ் புதிதாகப் பிறக்கிறது. கிட்டார் தன் கீழ்த் தந்திக்கும் கீழே ஒரு ஒலியைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. பாட்டைக் குரல், டிரம்ஸ், பேஸ் என்று பிரிக்கும் ஸ்டெம் வசதியால் பேஸ் கிட்டாரை முழுக்க நீக்கிய பிறகும் அடியில் உறுமல் மிச்சம் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

முதல் வைத்தியம்: மெட்டல் டெக்கில் லோ குமிழை நம்பாமல் தாழ்ந்த ஒலியை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டரைப் பயன்படுத்துங்கள். ஒரு ஒலிப்பகுதியை முழுக்க அணைக்கும் ஐசொலேட்டர் வகை இல்லாத ஈக்யூவில் லோவை முழுக்க இறக்கினாலும் 100 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை கணிசமாகத் தங்கும். உள்ளங்கையால் தந்தியை அமுக்கி வாசிக்கும், அதாவது பாம் மியூட் செய்த கிட்டாரின் இடி அங்கேதான் இருக்கிறது. ஃபில்டரை 150 ஹெர்ட்ஸ் பக்கம் வரை ஏற்றுங்கள். தனியாக ஹெட்ஃபோனில் கேட்டால் கிட்டார் மெலிந்து, ரேடியோவில் வருவது போல இருக்கும். பயப்பட வேண்டாம். டான்ஸ் டிராக்கின் அடித்தளம் கீழே வந்ததும் காது அதைக் கிட்டாரோடு சேர்த்துக் கணக்கிட்டு, "கனமான கிட்டார்" என்றே கேட்கும். ஹெட்ஃபோனில் தனியாகக் கேட்டுத் தீர்மானிப்பதால்தான் பலர் ஃபில்டரைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.

இரண்டாவது: அடித்தளத்தைக் கைமாற்றும் நொடியை ஒரு பாரின் முதல் அடியில் வையுங்கள், ஒரே அசைவில் மாற்றுங்கள். ஹவுஸிலிருந்து ஹவுஸுக்குப் போகும்போது பதினாறு பார் நெடுக மெதுவாக லோவை மாற்றுவது அழகு. இங்கே அந்த மெதுவான இடைக்காலம் முழுதும் சேறு.

மூன்றாவது பாட்டுத் தேர்விலேயே இருக்கிறது. எண்பதுகளின் பல மெட்டல் பதிவுகளில் அடிப்பகுதி இயல்பாகவே ஒல்லி. மெட்டாலிக்காவின் 1988 ஆல்பத்தில் பேஸ் கிட்டார் கிட்டத்தட்டக் கேட்பதே இல்லை என்பது ரசிகர்களின் நெடுநாள் குறை. டிஜேக்கு அது வரம். காலியாக இருக்கும் அந்த இடத்தில் டெக்னோவின் சப் பேஸ் நேராகப் போய் உட்காரும். இன்றைய மெட்டல்கோர் பதிவுகளில் சப் டிராப் என்ற ஆழ்ந்த பேஸ் சரிவு வரை கீழே நிரப்பி வைத்திருப்பார்கள், அங்கே இன்னொருவருக்கு இடமில்லை. அந்தப் பாடல்களைத் தனியாக ஓடவிட்டு, டான்ஸ் டிராக்கின் மேல்பகுதியை மட்டும் அதன் மேல் தூவுங்கள். பங்கீட்டைத் தெரிந்தே மாற்றுவது என்று முன்னால் சொன்னது இதைத்தான்.

"கிட்டார் நுழைந்ததும் சின்த் காணாமல் போகிறது"

டிஸ்டார்ஷன் கிட்டார் நடுப்பகுதியைச் சுவர் போல அடைத்துவிடும், 500 ஹெர்ட்ஸ் முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை இடைவெளி இல்லாமல். சின்த் லீட் வாழும் இடமும் அதுவே. இரண்டுக்கும் மிட்டைக் கொஞ்சம் கொஞ்சம் குறைத்துச் சமாதானம் செய்ய வேண்டாம், இரண்டும் உயிரற்றுப் போகும். முறை போட்டுப் பேசவிடுங்கள். நான்கு பார் ரிஃப், நான்கு பார் சின்த். மெட்டலில் ரிஃப்புக்கு நடுவே வரும் நிறுத்தங்கள் இதற்கென்றே அமைந்தவை. நிறுத்தத்தில் சின்த்தைத் திறந்து, ரிஃப் மீண்டதும் மூடுங்கள்.

வீட்டில் சின்த்தைக் கிட்டார் மூடுகிறது, கிளப்பில் கிட்டாரே பலவீனமாகிறது என்றால் அது வேறு கதை. மெட்டல் பதிவுகளில் ஒரே ரிஃப்பை இரண்டு முறை வாசித்து ஒன்றை முழு இடதுக்கும் மற்றொன்றை முழு வலதுக்கும் தள்ளியிருப்பார்கள். மோனோவில் ஓடும் ஸ்பீக்கர் அமைப்பில் இந்த இரண்டும் ஒன்றாகும்போது, நடுவில் இருக்கும் குரல், கிக், ஸ்நேரோடு ஒப்பிட்டால் கிட்டார் ஏறக்குறைய 3 டெசிபல் இறங்கிவிடும். வீட்டிலேயே மோனோ பொத்தானை அழுத்தி ஒரு முறை கேட்டுவிட்டுப் போங்கள். மிக்சரில் மோனோ இருக்கிறதா, அமைப்பே மோனோவா என்று ஒலி பொறுப்பாளரிடம் முன்பே கேட்பதும் நல்லது.

"சாஃப்ட்வேர் சுருதி சேரும் என்கிறது, காது சேராது என்கிறது"

காதை நம்புங்கள். சாஃப்ட்வேர் சுருதிக்குப் போடும் கேமலாட் எண் மேஜர், மைனர் என்ற இரண்டு பெட்டிகளை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாப் பாட்டையும் அடுக்கப் பார்க்கிறது. மெட்டலில் மிகுதியாக வருவது ஃப்ரிஜியன் போன்ற ஸ்வர அடுக்குகளும், அடுக்குக்கே கட்டுப்படாத நகர்வுகளும். ஈ ஃப்ரிஜியனில் உள்ள ஸ்வரங்கள் அனைத்தும் சி மேஜரிலும் ஏ மைனரிலும் இருப்பவையே. அதனால் சாஃப்ட்வேர் 8ஏ, அதாவது ஏ மைனர் என்று எழுதிவிடும். நீங்கள் 8ஏ டெக்னோ ஒன்றைப் போட்டால் அதன் பேஸ் ஏவில் நிற்கும், ரிஃப்போ ஈயில் இடித்துக்கொண்டிருக்கும். ஸ்வரங்கள் ஒன்றே, ஆதார சுருதி வேறு. அந்த உறுத்தலைத்தான் காது சொல்கிறது.

ஆதாரத்தைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. ரிஃப் திரும்பத் திரும்ப எந்தத் திறந்த தந்தியின் பாம் மியூட்டுக்கு வந்து சேர்கிறது என்று கேளுங்கள். அதுதான் வீடு. அதே ஸ்வரத்தில் பேஸ் நிற்கும் டான்ஸ் டிராக்கைத் தேடுங்கள். பவர் கார்டில் காந்தாரம் கிடையாது, அதனால் அது தனியாக மேஜரும் ஆகாது, மைனரும் ஆகாது. ஆதாரம் ஒத்துவிட்டால் மைனர் டெக்னோவோடும் சேரும், துணிந்தால் மேஜர் டிரான்ஸோடும் சேரும். மெட்டலின் பெரிய தாராளம் இது. குறைந்த பேரே இதைப் பயன்படுத்துகிறார்கள்.

சுருதி அரை ஸ்வரம் விலகியிருந்தால் டியூனிங்கைச் சந்தேகியுங்கள். ஸ்லேயர் உட்படப் பல குழுக்கள் அரை ஸ்வரம் கீழே இறக்கித்தான் வாசித்தார்கள். வேகம் மாறினாலும் சுருதியை மாறாமல் வைக்கும் கீலாக்கை அணைத்து வேகத்தை ஏறக்குறைய 6 சதவீதம் ஏற்றினால் சுருதி அரை ஸ்வரம் ஏறும்: 126 பாட்டு 133.5 ஆகும். மெட்டலுக்கு நான் சொன்ன நான்கு சதவீத வரம்பை இது தாண்டுவதால், இதை டான்ஸ் டிராக்கின் மேல் செய்வதே எனக்குப் பிடிக்கும். டேப் வேகம் மாறிப் பதிவான பாடல்கள் இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே நிற்கும். அவற்றை எந்த எண்ணும் காட்டிக் கொடுக்காது, பிட்ச் ஃபேடரைக் காதால் நகர்த்த வேண்டியதுதான்.

உறுமல் குரலுக்குத் திட்டவட்டமான சுருதி இல்லை. அதைத் தாள வாத்தியமாக நினைத்து எந்தச் சுருதியில் உள்ள டிராக்கின் மேலும் வைக்கலாம். கிளீன் குரலில் பாடும் கோரஸ் வந்தால் மட்டும் சுருதியைப் பாருங்கள்.

"வேகத்தை மாற்றியதும் கிட்டார் அலையடிக்கிறது, டபுள் கிக் மங்குகிறது"

கீலாக்கின் வேலை இது. ஒலியைச் சிறு துண்டுகளாக வெட்டி மறுபடி ஒட்டும்போது, அடர்த்தியான டிஸ்டார்ஷனில் எங்கே வெட்டுவது என்று அதற்குத் தெரிவதில்லை. மூன்று சதவீதத்துக்குள் என்றால் கீலாக்கை அணைத்துவிடுங்கள். அரை ஸ்வரத்தில் பாதிதான் நகரும், கலவை குறுகியதாக இருந்தால் தாங்கும். அதற்கு மேல் மாற்ற வேண்டிய பாட்டை வீட்டிலேயே தரமான அல்காரிதத்தில் மாற்றி எடுத்து வையுங்கள்.

"ஸ்டெம் பிரித்தால் சிம்பல் தண்ணீருக்குள் அடிப்பது போலக் கேட்கிறது"

செராட்டோ, வெர்ச்சுவல் டிஜே போன்றவற்றின் ஸ்டெம் வசதி பாப் பாட்டில் செய்யும் அற்புதத்தை மெட்டலில் செய்யாது. கிராஷ் சிம்பலும் டிஸ்டார்ஷன் கிட்டாரும் மேல்பகுதியில் ஒரே இரைச்சலாகக் கலந்திருப்பதால் இரண்டும் ஒன்றின் துண்டை மற்றொன்றில் விட்டுச் செல்கின்றன. உறுமல் குரல் பல நேரம் கிட்டார் பக்கம் போய்விடும். டிரம்ஸை முழுக்க நீக்காமல் பாதியாகக் குறைத்து, மேலே டான்ஸ் டிராக்கின் ஹை-ஹாட்டை வைத்து மூடுங்கள். மூலம் குறைந்த பிட்ரேட் எம்பி3 என்றால் முதலில் அதை மாற்றுங்கள், 128 கேபிபிஎஸ்ஸில் சிம்பல் ஏற்கனவே சிதைந்திருக்கும்.

"ஒன்று எங்கே போயிற்று என்றே தெரியவில்லை"

ஒன்று என்பது பாரின் முதல் அடி. டான்ஸ் இசை எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு பாராக அடுக்கப்பட்டது. மெட்டலில் ரிஃப் நான்கு முறை வரும், ஐந்தாவது முறை பாதியில் உடையும், கோரஸுக்கு முன் இரண்டே அடி கொண்ட ஒரு பார் செருகப்பட்டிருக்கும். அந்த ஒரு சின்னப் பாருக்குப் பிறகு உங்கள் டெக்னோவின் முதல் அடி மெட்டலின் மூன்றாவது அடியில் விழுந்துகொண்டிருக்கும். கிக் சேர்ந்தே கேட்கும் என்பதால் என்ன தவறு என்றும் புரியாது. ஒவ்வொரு பகுதியின் முதல் அடியிலும் ஹாட் க்யூ, அதாவது உடனே தாவ உதவும் குறி, வையுங்கள். செருகிய பாருக்கு முன்பே நான்கு பார் லூப் போட்டு, டான்ஸ் டிராக்கின் பகுதி முடியும்போது அடுத்த க்யூவுக்குத் தாவுங்கள். லூப்பின் முனையை நீண்டு ஒலிக்கும் கார்டின் நடுவில் வெட்டாமல், பாம் மியூட்டில் முடியும் இடத்தில் வெட்டினால் சொடக்குச் சத்தம் வராது.

அளவு மாறும் பாடல் எல்லாம் ஆபத்து என்று ஒதுக்கிவிடாதீர்கள். மெஷுகா குழுவைக் கேட்டால் எண்ணவே முடியாத கணக்கு போலத் தோன்றும். ஆனால் பெரும்பாலான பாடல்களில் டிரம்மரின் வலது கை சிம்பலில் நேர் நான்கைத்தான் பிடித்திருக்கிறது. கிட்டாரும் கிக்கும் அதன் மேல் வேறு நீளத்தில் சுழன்று, எட்டு அல்லது பதினாறு பார் முடிவில் வெட்டி ஒன்றுக்குத் திரும்புகின்றன. தனி ஆவர்த்தனத்தில் கோர்வை போட்டுச் சமத்துக்கு வந்து சேர்வதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது புரியும். அந்தச் சிம்பலோடு டெக்னோவின் நான்கு கிக்கைச் சேர்த்துவிட்டால் மீதியெல்லாம் தானாக நடக்கும், கூட்டமும் ஆடும். இந்தக் கலவைகளிலேயே எனக்கு மிகப் பிடித்தது இதுதான். உண்மையிலேயே அளவு மாறும் பாடல்கள், அதாவது தாளமே ஏழுக்கும் ஐந்துக்கும் போய்வருபவை, வேறு ரகம். அவற்றில் நான்காக ஓடும் ஒரு துண்டை மட்டும் லூப்பாக எடுங்கள்.

நடையையும் பாருங்கள். ஷஃபிளாக, திஸ்ரத்தில் உருளும் மெட்டல் பாட்டு நேர் சதுஸ்ரத்தில் ஓடும் ஹவுஸின் மேல் எப்போதும் நொண்டும். பிபிஎம் ஒத்தாலும் நொண்டும். குதிரைக் குளம்பு போல ஓடும் கேலப் ரிஃப்போ பதினாறாம் அடிகளில் அமைந்தது, அதனால் சைட்ரான்ஸோடு பூட்டு போட்டது போலச் சேரும். சைட்ரான்ஸில் ஒரு கிக்கைத் தொடர்ந்து மூன்று பேஸ் அடி பதினாறாம் அடிகளாக ஓடுகிறது, 140ஐ ஒட்டிய வேகத்தில். இரண்டும் ஒரே உந்தல்.

"பழைய பாட்டு தொய்கிறது, புதிய பாட்டு அறைகிறது"

பாட்டின் ஒலியை இறுதி செய்யும் மாஸ்டரிங் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. எண்பதுகளின் பதிவுக்கு மிக்சரில் உள்வரும் ஒலி அளவை மாற்றும் ட்ரிம்மை ஏற்ற வேண்டும், 2000க்குப் பிந்தைய பலவற்றுக்கு இறக்க வேண்டும். ஆட்டோ கெயின் ஓரளவு உதவும், கடைசி முடிவைக் காதால் எடுங்கள். சில பாடல்கள் மாஸ்டரிங்கிலேயே கிளிப் ஆனவை, அதாவது அளவு மீறிச் சிதைந்தவை. 2008இல் மெட்டாலிக்காவின் 'டெத் மேக்னெடிக்' வந்தபோது ரசிகர்கள் அவ்வளவாக நசுக்கப்படாத வடிவத்தைக் கிட்டார் ஹீரோ கேமிலிருந்து எடுத்துக் கேட்டார்கள். ட்ரிம்மை இறக்கினால் சத்தம் குறையும், சிதைவு போகாது. நல்ல மாஸ்டர் கிடைக்கிறதா என்று தேடுவதுதான் வழி.

மிக்சர் சிவப்பைத் தொடவே கூடாது என்பதற்கு இந்தக் கலவையில் கூடுதல் காரணம் உண்டு. பவர் கார்டில் நடந்தது மிக்சரிலும் நடக்கும். வெளியீடு கிளிப் ஆனால் இரண்டு பாட்டின் ஒலிகளும் ஒன்றையொன்று பெருக்கி, இரண்டிலும் இல்லாத புதிய ஒலிகளைப் பிறப்பிக்கும். சுருதி பார்த்துச் சேர்த்தது எல்லாம் அங்கே வீண்.

"அரை மணி நேரத்தில் எல்லோருக்கும் காது களைத்துவிடுகிறது"

டெக்னோவின் திறந்த ஹை-ஹாட்டும் மெட்டலின் கிராஷும் ஒன்றாக 8 கிலோஹெர்ட்ஸைச் சுற்றி இரைகின்றன. எப்போதும் ஒரு டெக்கின் ஹையை இறக்கியே வையுங்கள். டிஸ்டார்ஷன் இசைக்கு இடைவெளி இல்லாததால், மீட்டரில் ஒரே உச்சத்தைக் காட்டினாலும் காதில் சேரும் சராசரி அதிகம். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட தரநிலை, இசை அரங்குகளுக்கு 15 நிமிடச் சராசரியாக 100 டெசிபல் என்று உச்சவரம்பு வைக்கிறது. உச்சத்தைப் பார்க்காமல் சராசரியைப் பாருங்கள். ஒவ்வொரு இருபது நிமிடத்துக்கும் ஒரு முறை கிட்டாரே இல்லாத, உயர்ஒலி குறைந்த டிராக் ஒன்றை வையுங்கள். அது காதுக்கு ஓய்வு, அடுத்த ரிஃப்புக்கும் மரியாதை.

"கலவை சுத்தமாக இருக்கிறது, ஆனால் ஆட்டம் நின்றுவிடுகிறது"

இதுவரை சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் இது நடக்கலாம். காரணம் பெரும்பாலும் மெட்டலை அறிமுகத்திலிருந்து கடைசிவரை ஓடவிடுவது. மெட்டல் பாட்டுக்கு ஒரு கதை உண்டு: அறிமுகம், வேகம், சோலோ, திருப்பம். மேடையைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்களுக்கான வடிவம் அது. ஆடும் உடலுக்கு மாறாத துடிப்பு வேண்டும். பாட்டின் ஆக வலுவான ரிஃப்பை எடுத்து, அடியில் கிக் நிற்காமல் ஓட, ஒன்றரை நிமிடத்துக்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். சோலோவை வெட்டுவது எனக்கும் வலிக்கும். ஆனாலும் வெட்டுங்கள், அல்லது செட்டின் ஒரே ஒரு இடத்தில், துடிப்பை நிறுத்திவிட்டு முழு சோலோவையும் கேட்கக் கொடுங்கள்.

மாற்றத்துக்குச் சரியான கதவு பிரேக்டவுன். மெட்டல்கோரில் வேகம் பாதியாகி ரிஃப் இடியாக விழும் இடமும், டப்ஸ்டெப்பில் ஏற்றத்துக்குப் பிறகு டிராப் விழும் இடமும் உடலிடம் கேட்பது ஒன்றையே. டான்ஸ் டிராக்கின் பில்ட்-அப்பை ஓட்டி, டிராப் விழ வேண்டிய நொடியில் மெட்டலின் பிரேக்டவுனை விழவிடுங்கள். மறுமுறை தலைகீழாக: மெட்டலின் பிளாஸ்ட் பீட்டை ஸ்நேர் ரோலாகப் பயன்படுத்தி, அது முடியும் அடியில் டெக்னோவைத் திறங்கள்.

கூட்டத்தில் இரண்டு வகையினர் இருப்பார்கள், ஆட வந்தவர்களும் மோஷ் செய்ய, அதாவது ஒருவரையொருவர் இடித்து ஆட, வந்தவர்களும். முன்னறிவிப்பில்லாமல் பிரேக்டவுனைப் போட்டால் நடுவில் வட்டம் திறந்து, கண்ணை மூடி ஆடிக்கொண்டிருந்தவர் தள்ளப்படுவார். அவர் திரும்பி வரமாட்டார். எட்டு பார் முன்பே ரிஃப்பை ஃபில்டருக்குள்ளிருந்து மெதுவாகக் கேட்கவிடுங்கள். மெட்டல் ரசிகர்கள் அடையாளம் கண்டு நடுவுக்கு நகர்வார்கள், மற்றவர்கள் ஓரத்துக்கு நகர்வார்கள். இரண்டு தரப்பும் இடம் மாறி முடித்துவிட்டார்களா என்று நிமிர்ந்து பாருங்கள். முடியவில்லை என்றால் லூப்பை இன்னொரு எட்டு பாருக்கு நீட்டிவிட்டு, பிறகு திறங்கள்.